ஆளில்லாத கேட்

ஜூன் 3

இந்த டைரி பெனாசிர் குடுத்தது. எங்கூட்டுக்காரருக்கு வீட்டுக்கே வந்து எக்ஸர்சைஸ் சொல்லிக் குடுக்கற பிசியோதெரபி புள்ள. "ஆன்ட்டி, அங்கிள் தெனமும் என்ன பண்றாரு, எவ்வளவு நேரம் நிக்கறாருன்னு இதுல எழுதி வைங்க, டாக்டர் கேப்பாரு"ன்னு சொல்லிட்டுப் போச்சு. சரின்னு பேனாவை எடுத்துட்டு உக்காந்தேன். எழுதறதுக்கு மனுசன் ஏதாச்சும் பண்ணோணுமில்ல? பக்கம் வெறுசாக் கெடக்குது. வீணாப் போகுதேன்னு என் சோலியை எழுதறேன்.

எங்கூட்டுக்காரர் நாச்சிமுத்து, ரயில் ஓட்டி ரிட்டையர் ஆனவர். சர்வீஸ் பூரா ஒரு கீறல் இல்லாம வண்டி ஓட்டினவர், டியூப் லைட் மாத்தறேன்னு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல ஏறி விழுந்து தொடை எலும்பை ஒடிச்சுக்கிட்டார். ஆபரேஷன் ஆயிருச்சு, எலும்பும் கூடிருச்சு. இனி நடக்கறது அவர் கையிலதான்னு டாக்டர் என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார். இப்ப எந்திரிச்சு நடக்கலேன்னா கால் அப்படியே மரத்துப்போயிரும், அப்பறம் காலத்துக்கும் கட்டல்தானாம். இவர்கிட்டச் சொன்னா, "அந்தாளு கால் ஒடிஞ்சு படுத்துப் பாத்திருக்கானா?"ங்கறார்.

வாங்கின வாக்கர் மூலையில நிக்குது. அதுல ஈரத் துண்டு காயப் போட்டிருக்கேன். நல்லாக் காயுது.

எக்ஸர்சைஸ்: இல்லை.

ஜூன் 5

இவரைச் சமாளிக்கறதுக்கு எனக்கு ஒரே வழி ரயில் வீடியோ. "ஜன்னலோரம்"னு ஒரு குழு இருக்குது. ரயில் பைத்தியங்க ஜன்னல்ல கேமராவை வெச்சு, ஏறினதுல இருந்து எறங்கற வரைக்கும் எடுத்து, ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்குவாங்க. நடுவுல கடை கிடை கெடையாது, அவங்கவங்க கம்ப்யூட்டர்ல இருந்து நேரா அடுத்தவங்க கம்ப்யூட்டருக்கு. ஒரு வீடியோ எறங்கறதுக்கு ஒரு பகல் ஆகும். எங்க பையன் விட்டுட்டுப் போன லேப்டாப்புல எறக்கி, டிவியில சொருகி விட்டா, இவர் படுத்துக்கிட்டே ஜோலார்பேட்டை போயிட்டு வருவார். ஓட்டறவனை வெய்யறது பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும். "லோகூர் ஏத்தத்துல இப்படியாடா இழுப்பே? ஹாரன் அடிடா, ஹாரன்!" அதுவரைக்கும் என்னை வெய்யறதில்லை.

இன்னைக்குக் குழு அட்மின் ஜெரால்டு, திருச்சிக்காரர், ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கார். "மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க எடுத்துக்கிட்டே இருக்கீங்க, உங்ககிட்ட இருந்து யாருக்கும் எதுவும் போகலை. வாங்கினதை மத்தவங்களுக்கும் குடுக்கணும், அதுதான் நம்ம விதி. இந்த மாசக் கடைசிக்குள்ள சரி பண்ணலேன்னா நீக்க வேண்டியிருக்கும்."

எனக்கு முகமெல்லாம் சூடாயிருச்சு. பக்கத்து வீட்டு மரகதம் ஒரு போசியில குழம்பு குடுத்தா, வெறும் போசியை நான் இன்னைக்கு வரைக்கும் திருப்பிக் குடுத்ததில்லை. ஒண்ணுமில்லேன்னா ஒரு கைப்பிடி சக்கரையாவது போட்டுத்தான் குடுப்பேன். என்னைப் பாத்து எடுத்துத் தின்னுட்டுப் போறவன்னு சொல்லிட்டாரே!

எக்ஸர்சைஸ்: இல்லை. பெனாசிர் வந்தப்ப போர்வையைத் தலை வரைக்கும் இழுத்து மூடிக்கிட்டார்.

ஜூன் 7

ஜெரால்டுக்கு போன் போட்டுட்டேன். "சார், நான் குடுக்க மாட்டேன்னா சொன்னேன்? லேப்டாப்பைத் தெறந்துதான் வெச்சிருக்கேன். எடுத்துக்க வேண்டியதுதானே?"

"மேடம், நாங்க தட்டறோம், உங்க ரூட்டர் உள்ள விடமாட்டேங்குது. போர்ட் ஃபார்வர்டிங் பண்ணணும்."

"அப்படின்னா?"

அவர் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில ஆபரேட்டரா இருந்தவ. வெளிய இருந்து வர்ற காலை இன்ன எக்ஸ்டென்ஷனுக்குக் குடுன்னு போர்டுல சொருகறதையே பொழப்பா வெச்சிருந்தவ. ரூட்டர்தான் போர்டு. வெளிய இருந்து இந்த நம்பர்ல கூப்பிட்டா லேப்டாப்போட எக்ஸ்டென்ஷனுக்குத் தள்ளு, அவ்வளவுதான் சமாசாரம். இதை இங்கிலீசுல சொல்லி எத்தனை பேரை மெரட்டி வெச்சிருக்காங்க!

ஆனா போட்டுப் பாத்தா வேலை செய்யலை. கேபிள் நெட் சுப்புவைக் கூப்பிட்டேன். எங்க லைன் பத்து வீட்டோட ஒட்டுக்கா இருக்குதாம், தனி முகவரி வேணும்னா தனியாக் கேக்கோணுமாம். "எதுக்குங்கம்மா அதெல்லாம்?"ன்னான். "சீர் குடுக்கறதுக்கு"ன்னேன். மாத்தித் தர்றேன்னு போயிருக்கான்.

எக்ஸர்சைஸ்: இல்லை.

ஜூன் 9

தனி முகவரி வந்துருச்சு. ரூட்டரை எறக்கித் தொடைச்சு வெச்சேன். ஹால்ல ஷோகேஸ் உச்சியில இருக்குது. சிக்னல் நல்லாக் கெடைக்கட்டும்னு இவர்தான் நல்லா இருந்த காலத்துல அங்க வெச்சார். நெட்டை மனுசன், கையை நீட்டினா எட்டும். நான் அதே பிளாஸ்டிக் ஸ்டூல் மேல சாமியைக் கும்பிட்டுக்கிட்டு ஏறினேன்.

"அங்க என்ன பண்றே?"ன்னு கட்டல்ல இருந்து குரல். அவர் படுத்திருக்கற எடத்துல இருந்து கதவு வழியா ஷோகேஸ் நல்லாத் தெரியும்.

எக்ஸ்டென்ஷன்னு சொன்னா அவருக்குப் புரியாது. சுலுவாச் சொல்லலாம்னு, "வெளியாளுக நம்ம கம்ப்யூட்டருக்கு வந்து வீடியோ எடுத்துட்டுப் போக ஒரு கேட் தெறந்து விடறேனுங்க"ன்னேன்.

"கேட்டா?"

"ஆமாங்க. லெவல் கிராசிங் கேட் மாதிரி. அந்தப் பச்சை லைட் எரிஞ்சா தெறந்திருக்குன்னு அர்த்தம்."

"கேட் கீப்பர் யாரு?"

"அதெல்லாம் யாருமில்லீங்க. அது பாட்டுக்கு எந்நேரமும் தெறந்தே கெடக்கும்."

மனுசன் மூஞ்சி மாறிப்போச்சு. "ஆளில்லாத கேட்டா? வீட்டுக்குள்ளயா?"ன்னார். ஆளில்லாத கேட் வந்தா ஹாரன்ல இருந்து கையே எடுக்க மாட்டேன்னு அந்தக் காலத்துல சொல்லுவார், ஞாபகம் வந்துச்சு. "இது ரயில் கேட் இல்லீங்க, கம்முனு படுங்க"ன்னுட்டு வந்துட்டேன்.

எக்ஸர்சைஸ்: இல்லை.

ஜூன் 10

தெறந்துருச்சு! ஜெரால்டு அந்தப் பக்கம் பரிசோதிச்சுப் பாத்துட்டு, "ஓப்பன் மேடம், ஓப்பன்!"னு கத்தினார். கொஞ்ச நேரத்துல கோரக்பூர்ல இருந்து ஒருத்தரு, மங்களூர்ல இருந்து ஒருத்தரு நம்ம லேப்டாப்புல இருந்து எடுக்க ஆரம்பிச்சாங்க. யாரு எவரோ, நம்ம வீட்டுல இருந்து போசி நெறைஞ்சு போகுது. சந்தோசத்துல ரவா கேசரி கிண்டினேன். இவர் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுட்டு, "கேட் இன்னும் தெறந்தா இருக்குது?"ன்னு கேட்டார்.

பொழுதோட, வெளக்கு வெக்கற நேரத்துக்கு, கதவைப் பூட்டிட்டுப் புள்ளையார் கோயிலுக்குப் போயிட்டு வந்தேன். வந்து பாத்தா ரூட்டர் அணைஞ்சு கெடக்குது. ஏறி, பின்னாடி இருக்கற பட்டனை அமுக்கினதும் எரிஞ்சுது. கரண்டு போச்சான்னு கேட்டேன். "எனக்கென்ன தெரியும், நான் கட்டல்ல கெடக்கறவன்"ன்னார்.

எக்ஸர்சைஸ்: இல்லை.

ஜூன் 11

காத்தால ஜெரால்டு போன். "மேடம், மூடிட்டீங்களா? தட்டினா பதிலே இல்லை." மறுபடியும் எல்லாத்தையும் நோண்டிப் பாத்தேன். ரூட்டர் அணைஞ்சு எரியறப்ப எல்லாத்துக்கும் புதுசா எக்ஸ்டென்ஷன் நம்பர் குடுக்குது. லேப்டாப் தூங்குமூஞ்சி, எந்திரிக்கறதுக்குள்ள பழைய நம்பரை டிவி புடிச்சுக்கிச்சு. கோரக்பூர்க்காரர் ராத்திரி பூரா எங்க டிவி கதவைத் தட்டிக்கிட்டு இருந்திருக்கார், பாவம்.

நம்பரைச் சரி பண்ணிட்டுக் கோயிலுக்குப் போனேன். திரும்பி வந்தா அணைஞ்சு கெடக்குது.

ஷோகேஸ் பின்னாடி ஒரு பல்லி இருக்குது. ரூட்டர் சூட்டுக்கு வந்து படுக்கும். அதுதான் பட்டனை மிதிக்குதுன்னு நெனைக்கறேன்.

எக்ஸர்சைஸ்: இல்லை.

ஜூன் 12

மறுபடியும். பல்லியை வெளக்கமாத்துல தொரத்திட்டேன். எக்ஸர்சைஸ் எனக்குத்தான் ஆச்சு.

ஜூன் 14

பல்லி இல்லை. பல்லி இல்லாமயே அணையுது. நான் வீட்டுல இருக்கறப்ப அணையறதில்லை, கோயிலுக்குப் போனாத்தான் அணையுது. என்ன கெரகமோ! புள்ளையாருக்கும் ரூட்டருக்கும் என்ன பகை?

சுப்பு வந்து பாத்தான். "தானா எல்லாம் ஆஃப் ஆகாதுங்கம்மா. யாரோ அமுக்கறாங்க."

"யாருடா அமுக்கறது? நான் பூட்டிட்டுப் போறேன். உள்ள இருக்கறவர் எந்திரிக்க முடியாதவர்."

கட்டல்ல இருந்து இவர், "கம்பெனிக்காரன் மேல பழியைப் போடாதீங்கம்மான்னு சொல்லுவான் பாரு இப்ப"ன்னார். சுப்பு அதையேதான் சொன்னான்.

இன்னைக்கு ஒரு நல்ல காரியம் பண்ணினேன். எத்தனை தடவை அணைஞ்சு எரிஞ்சாலும் லேப்டாப்புக்கு ஒரே நம்பர்தான் குடுக்கோணும்னு ரூட்டர்ல ஒரு எடத்துல எழுதி வெக்கலாமாம். ஜெரால்டு சொல்லச் சொல்ல எழுதி வெச்சுட்டேன். இனி அணைஞ்சாலும் திருப்பிப் போட்டாப் போதும், கேட் தானாத் தெறந்துக்கும். டிவி தொல்லை தீந்துச்சு.

எக்ஸர்சைஸ்: இல்லை.

ஜூன் 15

வாக்கர் மேல காயப் போட்ட துண்டு தலைகாணிக்குப் பக்கத்துல கெடக்குது. காத்துக்குப் பறந்து வந்ததுன்னார். ஜன்னல் சாத்தியிருந்துச்சு.

பெனாசிர் தொடையை அமுக்கிப் பாத்துட்டு, "ஆன்ட்டி, நீங்க எதுவும் எழுதலியே? தசை நல்லா வந்திருக்கே!"ன்னுச்சு. இவர் மோட்டு வளையைப் பாத்துக்கிட்டு, "எல்லாம் பகவான் செயல்"ன்னார். இந்த மனுசன் கோயில் பக்கமே தலை வெச்சுப் படுத்ததில்லை.

"சில பேருக்கு யாராச்சும் பாத்துக்கிட்டு இருந்தா நடக்க வராது ஆன்ட்டி"ன்னு வாசல்ல செருப்பு மாட்டறப்ப சொல்லுச்சு. எதுக்குச் சொல்லுச்சுன்னு தெரியலை.

எக்ஸர்சைஸ்: இல்லை?

ஜூன் 17

இன்னைக்கு எழுதறதுக்கு விசயம் இருக்குது.

பொழுதோட கோயிலுக்குக் கெளம்பினேன். தெரு முக்குப் போனதும்தான் தேங்காய்ப் பையை மறந்தது ஞாபகம் வந்துச்சு. திரும்பி வந்து சாவியை எடுக்கறேன், உள்ள டக்கு டக்குன்னு சத்தம். திருடனாட்ட இருக்குதேன்னு ஹால் ஜன்னல் பக்கம் போய் எட்டிப் பாத்தேன்.

இவர் நிக்கறார். எங்கூட்டுக்காரர் நிக்கறார்! வாக்கரைப் புடிச்சுக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு, ஒரு அடி வெச்சு, நின்னு, மூச்சு வாங்கி, அடுத்த அடி. வேர்த்து ஒழுகுது. ஷோகேஸ்கிட்டப் போனார். ஒரு கையில வாக்கரை இறுக்கிப் புடிச்சுக்கிட்டு இன்னொரு கையை நீட்டி ரூட்டர் பின்னாடி தடவினார். பச்சை லைட் அணைஞ்சுது. அப்பறம் கையை அப்படியே நேரா மேல தூக்கி, சத்தமா, "கேட் குளோஸ்டு!"ன்னார். டூட்டியில சிக்னலைப் பாத்தா டிரைவரு, அசிஸ்டென்ட் ரெண்டு பேரும் கையைத் தூக்கிச் சத்தமாச் சொல்லோணும், அதுதான் அவங்க வழக்கம். திருப்பிச் சொல்றதுக்குப் பக்கத்துல யாரும் இல்லை. சித்தே நின்னு பாத்துட்டுத் திரும்பி நடந்தார்.

நான் செவுத்தோட சாஞ்சு வாயில முந்தானையை வெச்சுக்கிட்டு அழுதேன். உள்ள ஓடிப் போய்க் கட்டிப் புடிச்சுக்கலாம்னு இருந்துச்சு. ஆனா போனா, நாளைக்கு எந்திரிக்க மாட்டார். எனக்குத் தெரியும் அவரை. நான் பாத்தேன்னு தெரிஞ்சா அதோட கால் வலி பத்து மடங்காயிரும்.

தேங்காய் இல்லாமயே கோயிலுக்குப் போனேன். புள்ளையார்கிட்டயும் பல்லிகிட்டயும் மன்னிப்புக் கேட்டுக்கிட்டேன். வீட்டுக்கு வந்து, "சே, மறுபடியும் அணைஞ்சுபோச்சு பாருங்க!"ன்னு தலையில அடிச்சுக்கிட்டேன். "கம்பெனிக்காரன் சரியில்லை"ன்னார்.

எக்ஸர்சைஸ்: கட்டல்ல இருந்து ஷோகேஸ் வரைக்கும், திரும்பிக் கட்டல் வரைக்கும். (பெனாசிர், இதை அவர் முன்னாடி படிச்சுப்போடாதே.)

ஜூன் 19

சுப்புவைக் கூப்பிட்டு நீளமா ஒரு வயர் கேட்டேன். ரூட்டரை வாசல் ரூமுக்கு மாத்தோணும்னேன்.

"அங்க வெச்சா சிக்னல் கொறையுமேங்கம்மா. ஹால்தான் நல்ல எடம்."

"எனக்குக் கொறைஞ்ச சிக்னல்தான் வேணும்."

அவன் என்னைப் பாத்த பார்வை இருக்குதே! மாத்திக் குடுத்துட்டுப் போயிட்டான். இவர் கட்டல்ல இருந்து கழுத்தை நீட்டி நீட்டிப் பாத்துட்டு, "அந்தப் பச்சை லைட்டைக் காணோம்?"ன்னார்.

"வாசல் ரூம்லீங்க. கேட்டுன்னா வாசல்ல இருந்தாத்தானே நல்லா இருக்கும்? நல்லாத் தெறந்து விட்டிருக்கேன்."

பொழுதோட கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டு மரகதம் வீட்டுச் சமையக்கட்டு ஜன்னல்ல போய் நின்னுக்கிட்டேன். அங்க இருந்து பாத்தா எங்க ஜன்னல் வழியா வாசல் ரூமும் உள்மாடிப் படியும் தெரியும். விழுந்தா ஓடறதுக்குச் சாவியைக் கையிலயே வெச்சிருந்தேன். வந்தார். வழியில ரெண்டு தடவை உக்காந்தார். வந்துட்டார்!

மரகதம் தோசை ஊத்திக்கிட்டே, "அக்கா, புள்ளையார் உன்னைத் தேடப் போறார்"ங்கறா.

எக்ஸர்சைஸ்: வாசல் ரூம் வரைக்கும்.

ஜூன் 24

ஜெரால்டு மெசேஜ். "மேடம், சாயங்காலம் மட்டும் உங்க பக்கம் கொஞ்ச நேரம் அணையுது, ஏதாச்சும் பிரச்சினையா?" பிரச்சினை இல்லை சார், பிரார்த்தனைன்னு பதில் போட்டேன். கணக்கு எல்லாம் நேராயிருச்சு, வாங்கினதை விட அதிகமாக் குடுத்திருக்கேனாம். குழுவுல எல்லாரும் கை தட்டற படம் போட்டிருக்காங்க. அதைப் பாத்துச் சந்தோசப்படறதுக்கு எனக்கு நேரமில்லை, நாளைக்கு ரூட்டரை எங்க வெக்கறதுன்னு ரோசனையா இருக்குது.

பெனாசிர்கிட்டத் தனியாக் கேட்டேன், படி ஏறலாமான்னு. "கைப்பிடி இருந்தா மெதுவா நாலஞ்சு படி ஏறலாம் ஆன்ட்டி. நல்ல கால் முதல்ல ஏறும், நோவற கால் முதல்ல எறங்கும், மறக்காதீங்க"ன்னுச்சு. அப்பறம் என் கையைப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. கெட்டிக்காரப் புள்ள.

எக்ஸர்சைஸ்: வாசல் ரூம் வரைக்கும். நடுவுல உக்காரலை.

ஜூன் 28

ரூட்டரை உள்மாடிப் படி திரும்பற எடத்துல வெச்சுட்டேன்.

பொழுதோட மரகதம் வீட்டு ஜன்னல். வந்தார், படிக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாத்தார், வாயில ஏதோ முணுமுணுத்தார். என்னைத்தான் வெஞ்சிருப்பார். வாக்கரை அக்கட்ட வெச்சுட்டுக் கைப்பிடியைப் புடிச்சார். ஒரு படி. நான் ஜன்னல் கம்பியைப் புடிச்சுக்கிட்டு மூச்சு விடலை. இன்னொரு படி. மரகதம் தோசையைக் கருக விட்டுட்டா. மேல போயிட்டார். லைட் அணைஞ்சுது. கையைத் தூக்கினார். நாங்க ரெண்டு பேரும் இங்க சமையக்கட்டுல கையைத் தூக்கிக்கிட்டு, "கேட் குளோஸ்டு!"ன்னோம், மெதுவா.

அப்பறம் எறங்கலை. ஒரு காலை நீட்டறார், இழுத்துக்கறார். படியிலயே உக்காந்துட்டார். சித்தே நேரம் கழிச்சு, "தெய்வானே!"ன்னு என் பேரைச் சொல்லி ஒரு சத்தம் பாருங்க, ஹாரன் தோத்துது.

ஓடினேன். வாசல்ல மூச்சு வாங்கிக்கிட்டு, இப்பத்தான் கோயில்ல இருந்து வர்றவளாட்டக் கதவைத் தெறந்தேன். மடியில ரூட்டரை வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கார்.

"அங்க என்னங்க பண்றீங்க?"

"கேட்டை மூடினேன்."

"அங்க எப்படிப் போனீங்க?"

"பறந்து."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அவர் சிரிக்கலை. "நானும் பாத்துட்டே வர்றேன். ஹால்ல இருந்துச்சு, அப்பறம் வாசல் ரூமு, இப்பப் படி மேல. அடுத்தது எங்க வெக்கறதா இருக்கே? ஜங்ஷன்லயா?"

"எப்ப இருந்துங்க தெரியும்?"

"கோயிலுக்குப் போறவ தெனமும் தோசை வாசத்தோட வந்தா தெரியாதா?"

நான் ஏறிப் போய் அவர் பக்கத்துல உக்காந்தேன். சிரிப்பு எப்ப அழுகையாச்சுன்னு தெரியலை. "எந்திரிக்காமயே போயிருவீங்களோன்னு எப்படிப் பயந்து கெடந்தேன் தெரியுங்களா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"ன்னேன்.

மடியில இருந்த ரூட்டரைத் திருப்பி வெச்சார். "நீ பாக்கறப்ப விழுந்துட்டா என்ன பண்றது, அம்மிணி?"ன்னார். அம்மிணின்னு கூப்பிட்டு எத்தனை காலமாச்சு.

"விழுந்தா தூக்கறேன். எனக்கு வேற என்ன சோலி?"

"இதை நான் மூடினதுல உனக்கு ஏதாச்சும் நட்டமா?"

"ஒண்ணுமில்லீங்க. தெனமும் வந்து தெறந்துக்குவேன்."

தலையை ஆட்டிக்கிட்டார். அப்பறம் நான் ஒரு படி கீழ நின்னு, "நோவற கால் முதல்ல"ன்னு சொல்லிச் சொல்லி எறக்கினேன். ஒவ்வொரு படிக்கும் என் தோளை அமுக்கின அமுக்குல எனக்குத்தான் இனி பெனாசிர் வரோணும். கீழ வந்து நின்னதும், வாக்கரை எடுத்துக் குடுக்கப் போனேன். வேண்டாம்னு என் கையைப் புடிச்சுக்கிட்டார்.

"நாளைக்குப் பொழுதோட கோயிலுக்குப் போலாமுங்களா, ஒட்டுக்கா?"ன்னேன்.

"ரெண்டு பேரும் போயிட்டா கேட்டை யாரு பாக்கறது?"ன்னார்.

மரகதத்தை உக்கார வெச்சுட்டுப் போறதுன்னு முடிவாயிருக்குது.

எக்ஸர்சைஸ்: படி ஏறினார். எறங்கினார். இன்னைக்கு இதை அவரே எட்டிப் பாத்து, சரின்னு சொன்னார்.